வடிவமைப்பு மென்பொருளை ஏஐ முகவரிடம் ஒப்படைக்க ஆவணம் எழுதியவர்களின் அனுபவங்கள்

கிருஷ்ணகிரி, லேபிள் வடிவமைப்பு:

வணக்கம். மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு லேபிள் தயாரித்துக் கொடுக்கும் அச்சகம் ஒன்றில் வடிவமைப்பாளராக இருக்கிறேன். பருவம் தொடங்கிவிட்டால், ரகம், பிரிக்ஸ் அளவு (கூழின் சர்க்கரை அளவு), நிகர எடை, தொகுதி எண், தயாரித்த நாள் ஆகியவை மட்டும் மாறி மற்றவையெல்லாம் அப்படியே இருக்கும் லேபிள்கள் வந்து குவியும். இந்த மாற்றங்களை ஏஐ முகவரே (கருவிகளைத் தானே இயக்கி வேலையை முடிக்கும் ஏஐ நிரலே) செய்யும்படி, இன்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளை இயக்கும் சிறு பைத்தான் கருவியை எழுதி, ஏஐயை வெளிக் கருவிகளோடு இணைப்பதற்காக 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் வெளியிட்ட எம்சிபி நெறிமுறை வழியாக இணைத்தோம். கருவியை எழுதியதைவிட, முகவர் படித்துப் பயன்படுத்த அதற்கு ஆவணம் எழுதியதே பெரிய வேலையாக இருந்தது.

ஊழியர்களுக்கென ஏற்கெனவே வைத்திருந்த கையேட்டில் "அகலத்தை டின்னுக்கு ஏற்பச் சரிசெய்யவும்" என்று ஒரு வரி உண்டு. டின்னைக் கையில் வைத்துக்கொண்டு திரையைப் பார்ப்பவருக்கு அது போதும். முகவருக்கோ நாம் எழுதிக் கொடுத்ததைத் தவிர வேறு எதுவும் தெரியாது. இன்க்ஸ்கேப் 0.92 பதிப்புக்கு முன்பு ஓர் அங்குலத்திற்கு 90 பிக்சல் என்று கணக்கிட்டது. அதன் பிறகு 96 என்று கணக்கிடுகிறது. ஆகவே பழைய கோப்பு ஒன்றைத் திருத்தமின்றி எடுத்துக்கொண்டால் லேபிள் ஏறத்தாழ 6 விழுக்காடு சுருங்கிவிடும். இதைக் கருத்தில் கொண்டு, அளவு கேட்கும் ஒவ்வோர் உள்ளீட்டின் பெயரிலேயே மில்லிமீட்டர் என்பதைச் சேர்த்துவிட்டோம். விளக்கத்தில் எழுதினால் அது கண்ணில் படாமல் போகலாம். பெயரில் இருந்தால் தவறவிட வழியில்லை.

இன்னொன்று, முகவரின் பழைய நினைவு. 2020இல் வந்த இன்க்ஸ்கேப் 1.0 பதிப்பில் ஏற்றுமதிக் கட்டளைகள் மாறின. ஆயத்தொலைவின் தொடக்கப்புள்ளியும் கீழ் இடது மூலையிலிருந்து மேல் இடது மூலைக்கு நகர்ந்தது. முகவர் கற்றுக்கொண்ட இணையப் பக்கங்களில் இரு காலத்துக் குறிப்புகளும் கலந்து கிடப்பதால், அது பழைய கட்டளையைத் தயங்காமல் எழுதிவிடும். எந்தப் பதிப்பு, எந்த மூலை, எந்தக் கட்டளையைப் பயன்படுத்தக் கூடாது என்பதை ஆவணத்தின் முதல் வரிகளிலேயே வைத்த பிறகுதான் இது நின்றது.

தருமபுரி, டி.டி.பி. மையம்:

ஐயா சொல்வது முழுக்க உண்மை. எங்களிடம் வருவது பெரும்பாலும் திருமண அழைப்பிதழும் கோயில் விழா நோட்டீசும்தான். அவற்றின் பழைய கோப்புகள் பலவும் யூனிகோடு என்ற பொதுக் குறியாக்கத்துக்கு முந்தைய எழுத்துருக்களில் உள்ளவை. தமிழக அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்றுவிட்டது என்றாலும், அச்சகத்துக் கணினிகளில் பழைய எழுத்துருக்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன. திரையில் "மணமகன்" என்று தெரிவது கோப்புக்குள் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகவே இருக்கும். முகவர் அதைப் படித்தால் எழுத்துப்பிழை என்று கருதித் திருத்த முற்படும். ஆகவே, எழுத்துருவின் குறியாக்கத்தைச் சொல்லும் கருவியை முதலில் அழைக்க வேண்டும், யூனிகோடு இல்லையெனில் உரையைத் தொடாமல் மனிதரிடம் கேட்க வேண்டும் என்று எழுதினேன். அதோடு நிறுத்தாமல், கருவியே அத்தகைய கோப்பைத் திருத்த மறுக்கும்படியும் செய்தேன். எழுத்தில் இருக்கும் எச்சரிக்கையை மட்டும் நம்புவது எனக்குச் சரியாகப் படவில்லை.

எழுத்தைப் பாதையாக, அதாவது வெறும் கோட்டுருவமாக, மாற்றும் கட்டளையையும் தனியாகக் குறிப்பிட வேண்டும். மாற்றிச் சேமித்துவிட்டால் பெயரைத் திருத்த முடியாது. முகூர்த்த நேரம் மாறியதென்று வீட்டார் வந்து நின்றால் மூலக்கோப்பு வேண்டும். எம்சிபியில் அழிக்கக்கூடிய செயலைக் குறிக்கும் அடையாளம் உண்டு, ஆனால் அது வெறும் குறிப்பு மட்டுமே. புதிய கோப்புப் பெயரில்தான் சேமிக்கும் என்ற கட்டுப்பாட்டைக் கருவிக்குள்ளேயே வைத்து, அதை ஆவணத்திலும் சொல்வது நல்லது. முன்னோட்டப் படத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள்: கொம்பு மெய்யெழுத்துக்கு இடப்புறம் வந்திருக்கிறதா என்பது தமிழுக்கே உரிய சோதனை.

ஓசூர், இயந்திர உதிரிபாக வரைபடம்:

எங்கள் பட்டறையில் ஃப்ரீகேட் என்ற முப்பரிமாண வரைபட மென்பொருளைப் பயன்படுத்துகிறோம். அலகுத் தொல்லை எங்களுக்குக் குறைவு, ஏனெனில் அது உள்ளுக்குள் மில்லிமீட்டரிலேயே கணக்கிடுகிறது. எங்களை அலைக்கழித்தது முகப்பு எண், அதாவது பாகத்தின் ஒவ்வொரு பரப்புக்கும் மென்பொருள் தரும் எண். பாகம் ஒன்றின் ஆறாவது முகப்பில் துளை போடச் சொல்லி, பிறகு இடையில் ஒரு மாற்றம் செய்தால், அதே எண் வேறொரு முகப்பைக் குறிக்கக்கூடும். 2024 நவம்பரில் வெளிவந்த ஃப்ரீகேட் 1.0 பதிப்பு இதைப் பெரிதும் தணித்திருக்கிறது. ஆயினும், ஒவ்வொரு மாற்றத்திற்குப் பின்னும் முகப்புகளின் பட்டியலைப் புதிதாகக் கேட்டுப் பெற வேண்டும் என்ற விதியை எங்கள் ஆவணத்திலிருந்து நாங்கள் நீக்கவில்லை.

பிழைச்செய்தியையும் ஆவணத்தின் பகுதியாகவே எழுத வேண்டும் என்பது என் கருத்து. "தோல்வி" என்று மட்டும் திரும்பினால் முகவர் அதே கட்டளையை மீண்டும் அனுப்பும். "துளையின் விட்டம் 45 மிமீ, தகட்டின் அகலம் 40 மிமீ, விட்டம் அதைவிடக் குறைவாக இருக்க வேண்டும்" என்று திரும்பினால் பெரும்பாலும் தானே திருத்திக்கொள்கிறது.

கிருஷ்ணகிரி, லேபிள் வடிவமைப்பு:

பிழைச்செய்தி பற்றி ஓசூர் நண்பர் சொன்னதை ஏற்கிறேன். அவ்வாறு எழுதினால் தொடக்க விளக்கமும் சுருங்கும். கருவி விளக்கங்கள் முழுவதும் முகவர் ஒரே நேரத்தில் கவனத்தில் வைக்கக்கூடிய சூழல் இடத்தை எடுத்துக்கொள்வதால் அதுவும் ஓர் ஆதாயம். தருமபுரி நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: குறியாக்கத்தைக் கண்டறியும் கருவியின் விளக்கப் பகுதியை மட்டுமேனும் இங்கே பகிர்ந்தால், எங்கள் பழைய லேபிள்களுக்கும் அதைப் பொருத்திப் பார்ப்போம்.