பட அட்டை பழகினால் பிள்ளைக்குப் பேச்சு வராமல் போய்விடுமா?

கேள்வி (ஒரு தாய், திருநெல்வேலி):
ஐந்து வயதாகும் என் மகனுக்கு ஆட்டிசம் இருப்பதாக உறுதிசெய்துள்ளனர். காது நன்றாகக் கேட்கிறது என்று பெரா பரிசோதனையில் தெரிந்துவிட்டது. சொல் எதுவும் இன்னும் வரவில்லை. தாகம் எடுத்தால் என் கையைப் பிடித்து இழுத்துச்சென்று குடத்தின் மேல் வைப்பான். பேச்சுப் பயிற்சியாளர் பட அட்டைகளைத் தந்திருக்கிறார். மாமியாரோ, அட்டையைக் காட்டியே காரியம் நடந்துவிட்டால் பிள்ளை வாயைத் திறக்கவே மாட்டான் என்கிறார். பள்ளியிலும் அதையே சொல்லி அட்டைகளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

மறுமொழி (பேச்சுப் பயிற்சியாளர், மதுரை):
பல வீடுகளில் கேட்கும் அச்சம்தான் இது. ஆய்வுகளில் அதற்கு ஆதாரமில்லை. 2006இல் மில்லர், லைட், ஷ்லோசர் ஆகிய ஆய்வாளர்கள், பட அட்டை, சைகை போன்ற மாற்று முறைகளைப் பழகியவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். அவற்றில் உறுதியான சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குச் சிறிதளவாவது கூடியிருந்தது.

உங்கள் கையைக் குடத்தின் மேல் வைக்கிறானே, அதுவே அவன் கேட்கும் முறை. குடத்துக்குப் பக்கத்திலேயே அட்டையை மாட்டிவையுங்கள். அவன் இழுக்கும்போது நீங்களே அதைத் தொட்டு, "தண்ணி" என்று சொல்லி, உடனே கொடுத்துவிடுங்கள். "சொன்னால்தான் தருவேன்" என்று தாகத்தோடு நிறுத்திவைப்பது பயிற்சி ஆகாது. கேட்பதற்கான அட்டைகளோடு "வேண்டாம்", "போதும்", "வலிக்கிறது" ஆகியவையும் முதல் வாரத்திலேயே இருக்க வேண்டும், ஏனெனில் மறுப்பதற்கு வேறு வழியில்லாத பிள்ளைதான் பெரும்பாலும் தட்டைத் தள்ளுகிறது, கடிக்கிறது.

மறுமொழி (ஒரு தந்தை, சென்னை):
2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, பிள்ளையின் தேவைக்கேற்ற வசதியைப் பள்ளி செய்துதர வேண்டும் என்கிறது. பேச்சுக்குத் துணையாகும் மாற்றுத் தொடர்பு முறைகளை ஊக்குவிப்பது அரசின் கடமை என்று 17ஆம் பிரிவு கூறுகிறது. இருந்தாலும் எடுத்த எடுப்பில் சட்டத்தைக் காட்டாமல், பயிற்சியாளரிடம் கடிதம் வாங்கி, வீட்டில் உள்ள அதே படங்களின் இன்னொரு தொகுப்பை வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். இரண்டு இடத்திலும் வேறு வேறு படம் இருந்தால் பிள்ளை குழம்பிவிடுவான். அரசுப் பள்ளியானால் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் அழைத்துச் செல்லலாம். பின்னாளில் டேப்லெட் வாங்கினால், படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பேசிக்காட்டும், சென்னையில் உருவான ஆவாஸ் செயலி தமிழிலும் இருக்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஆனால் அட்டையைக் கொடுத்ததும் வாயில் வைத்து மென்றுவிடுகிறானே?

பேச்சுப் பயிற்சியாளர்:
அப்படியானால் சில நாள்களுக்கு அட்டைக்குப் பதிலாகப் பொருளையே வைத்துத் தொடங்குங்கள்: தண்ணீருக்கு அவனுடைய டம்ளர், வெளியே போக அவன் செருப்பு. அட்டைகளை லேமினேட் செய்து, மூலைகளை வட்டமாக வெட்டிவிடுங்கள்.