வெள்ள முகாமுக்குப் போக நேர்ந்தால் ஆச்சியின் இன்சுலினுக்கும் காப்பீட்டு அட்டைக்கும் என்ன வழி?

கேள்வி (ஏரல் பேரன்):
வணக்கம். 78 வயதான எங்கள் ஆச்சி, தாத்தாவுடன் ஏரல் பக்கம் தாமிரபரணிக் கரையில் வசிக்கிறார். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டிய 2023 டிசம்பர் வெள்ளத்தில், இருவரையும் பக்கத்து வீட்டு மாடிக்கு ஏற்றிய அவசரத்தில் மருந்துப் பை கீழேயே நின்றுவிட்டது. பிறகு முகாமில் ஒருவர் இன்சுலின் கொடுத்தபோது, அது ஆச்சிக்கு உரியதுதானா என்று சொல்ல அங்கே ஆள் இல்லை. அவர் காலையும் இரவும் 30/70 இன்சுலின் (இரண்டு வகை கலந்தது) போடுகிறார்; பிரஷர் மாத்திரை 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. மின்சாரம் போனால் இன்சுலின் எத்தனை நாள் தாங்கும்? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் காட்டி வெளியூரில் மருந்து வாங்க முடியுமா? நான் சென்னையில் இருப்பதால் முன்கூட்டியே கேட்கிறேன்.

பதில் 1 (அரசு மருத்துவமனை மருந்தாளுநர்):
ஃப்ரிட்ஜை விட்டு வெளியே எடுத்த இன்சுலின் பாட்டில், 30 டிகிரிக்கு மேல் சூடாகாமல் இருந்தால், பொதுவாக நான்கு வாரம் வரை பயன்படும்; எடுத்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் வெயிலைவிட ஐஸ்தான் எனக்குப் பயம், ஏனெனில் ஐஸ் கட்டியோடு ஒட்டி வைத்து உறைந்துபோன இன்சுலின், பிறகு உருகினாலும் உதவாது. 30/70 வெள்ளையாகக் கலங்கியிருப்பது இயல்பு. உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிய பிறகும் கட்டிகளோ துகள்களோ தெரிந்தால் போடக் கூடாது.

இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. நம் ஊரில் பாட்டில் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், பேனா வகை 100 யூனிட். சிவப்பு மூடி சிரிஞ்சு 40-க்கும், ஆரஞ்சு மூடி 100-க்கும் உரியவை. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை இழுத்தால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும். முகாமில் கைமாறி வரும் பாட்டிலில் முதலில் இந்த எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

பதில் 2 (ஸ்ரீவைகுண்டம் ஆசிரியை):
என் மாமியாரோடு ஐந்து நாள் முகாமில் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். அங்கே காலைச் சாப்பாடு பதினொரு மணிக்கு வரலாம். சாப்பாட்டுப் பொட்டலம் கைக்கு வரும் முன்னே ஊசியைப் போட்டுவிட்டு, ரத்தச் சர்க்கரை இறங்கி, வியர்த்துக் கொட்டி அத்தை சாய்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்று காப்பாற்றியது முந்தானையில் முடிந்திருந்த சர்க்கரைதான். பையில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். மருந்துச் சீட்டின் புகைப்படம் உங்கள் கைபேசியில் இருந்தால் மட்டும் போதாது, தாத்தாவின் கைபேசி நனைந்துவிடும். ஒரு நகலை பிளாஸ்டிக் உறையில் போட்டு, இன்சுலினோடும் சிரிஞ்சோடும் வாசலருகே ஆணியில் தொங்கவிடுங்கள்.

பதில் 3 (மருந்தாளுநர்):
காப்பீட்டுக் கேள்விக்கு வருகிறேன். முதலமைச்சர் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைப்பது, மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைக்குத்தான். அன்றாட மாத்திரையை அட்டையைக் காட்டி மருந்துக் கடையில் வாங்க முடியாது. ஆனால் அந்த மாத்திரைகளுக்கு அட்டையே தேவையில்லை, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் சீட்டைக் காட்டி இலவசமாகப் பெறலாம். ஆச்சியைச் சேர்க்க வேண்டியிருந்தால், மாநிலத்தில் எந்த மாவட்டமானாலும் திட்டத்தில் பதிவான மருத்துவமனை ஏற்கும். அட்டையின் நகலையும் ரேஷன் அட்டை நகலையும் அதே உறையில் வையுங்கள். சந்தேகம் வந்தால் 104-ஐ அழையுங்கள், ஆம்புலன்சுக்கு 108. மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரிடம், மழைக்கு முன்பே அடுத்த மாதத்துக்கும் சேர்த்துக் கிடைக்குமா என்று கேளுங்கள்.

கேட்டவர்:
மிக்க நன்றி. இப்போதுதான் ஆச்சியிடம் பேசினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு பாட்டிலைப் படித்து "நாப்பது" என்றார். சிரிஞ்சுகளில் இரண்டு ஆரஞ்சு மூடியாம். அவற்றை இன்றே தனியே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன்.