பிரைமருக்குப் ‘பொட்டு’ சரி. அதன்மேல் விழும் தடங்களுக்கு?

வணக்கம்.

துப்பாக்கியில் சுட்டபின் தோட்டாவின் அடியில் விழும் தடங்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் குழுவில், மூன்று நாளாக ‘பிரைமர்’ என்ற ஒற்றைச் சொல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறோம். துப்பாக்கியின் ஊசி குத்தியதும் வெடித்து, தோட்டாவுக்குள் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கிற சின்ன மூடிதான் அது. ‘முதன்மி’ என்றால் சுவரில் பெயின்டுக்கு முன்னால் அடிப்பதா, தோட்டாவின் அடியில் இருப்பதா என்று குழம்பும். ‘தூண்டி’ தேவலை. ஆனால் விசையை இழுப்பதும் தூண்டல், ஊசி குத்துவதும் தூண்டல். என் வாக்கு ‘பொட்டு’க்கு. தீபாவளிக்குப் பொட்டுவெடி தட்டாத கை இந்தக் குழுவில் இருக்காது. அடி விழுந்ததும் துளி மருந்து வெடிக்கிற வேலை அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். தோட்டாவின் அடியில், நெற்றிக்கு நடுவே வைத்த மாதிரி உட்கார்ந்தும் இருக்கிறது.

நீலகிரி அருவங்காட்டில் வளர்ந்தவன் என்பதால் ஒரு கிளைக்கதை. எங்கள் ஊர் கார்டைட் பேக்டரி 1903இல் வந்தது. ‘கார்டைட்’ என்ற தோட்டா மருந்தின் பெயரே கண்ணால் பார்த்து வைத்ததுதான். மருந்தைப் பிசைந்து இடியாப்பம் மாதிரி கயிறு கயிறாகப் பிழிந்தார்கள், கயிற்றை வைத்தே பெயரும் வந்தது. அதற்குள் என்ன இருக்கிறது, எப்படி எரிகிறது என்பதைப் பெயரில் திணிக்கவில்லை. தடங்களுக்குப் பெயர் வைக்கும்போதும் இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது என் கட்சி.

கோத்தகிரி ஐயா எழுதியது:

> சுட்ட தோட்டாவில் பொட்டு தட்டையாகியிருந்தால் அழுத்தம் மிகுந்துவிட்டது என்றுதானே பொருள்? ‘மிகையழுத்தத் தடம்’ என்று வைத்தால் படிப்பவருக்குக் காரணமும் விளங்கிவிடுமே.

ஐயா மன்னிக்க வேண்டும், இங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. ஒழுங்காகச் சுட்ட பொட்டின் ஓரம் லேசாக வளைந்திருக்கும், நடுவில் ஊசி பதிந்த வழவழப்பான ஒரு குழி. அழுத்தம் மிகுந்தால் அந்த வளைவு மறைந்து, பொட்டு தான் உட்கார்ந்திருக்கும் குழி நிறையப் பரந்துவிடும். உண்மைதான். ஆனால் வேறொரு வழியிலும் அது தட்டையாகும். பூட்டிய துப்பாக்கியில், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டின் முகத்துக்கும் தோட்டாவின் அடிக்கும் இடையே இடைவெளி கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். ஊசி குத்தி வெடித்ததும் பொட்டு பின்னால் நழுவிப் போல்ட்டில் முட்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதிக்கு அணைப்பு இல்லை, அது உப்பும். அழுத்தம் ஏறியதும் தோட்டாவும் பின்னால் வந்து, உப்பிய பொட்டைப் பழைய குழிக்குள்ளேயே அமுக்கும். எடுத்துப் பார்த்தால் சப்பட்டை! மருந்தின்மேல் குற்றமே இல்லை. அதே துப்பாக்கியில் அழுத்தம் ரொம்பக் குறைந்தால், தோட்டாவின் சுவர், அது உட்காரும் குழாயின் அறையைப் பற்றிக்கொண்டு பின்னால் வராது, பொட்டு துருத்திக்கொண்டே நின்றுவிடும். ஒரே கோளாறுக்கு இரண்டு முகம்.

‘மிகையழுத்தம்’ என்று பெயரிலேயே தீர்ப்பு எழுதிவிட்டால் படிக்கிறவர் மருந்தைத்தான் சந்தேகிப்பார், தளர்ந்த துப்பாக்கி அப்படியே கிடக்கும். ஆகவே ‘சப்பைப் பொட்டு’, ‘துருத்திய பொட்டு’. காரணத்தை விளக்கத்தில் சொல்லிக்கொள்ளலாம்.

அந்த இடைவெளிக்கு யாரோ ‘தலையிடைவெளி’ என்று எழுதியிருந்தீர்கள். தோட்டாவின் பின்பக்கம் ஆங்கிலேயனுக்குத் தலை. நமக்கு அது அடி. ‘அடியிடைவெளி’ போதும்.

குழுவில் வந்த இன்னொரு கேள்வி:

> ஊசிக்குழியைச் சுற்றி உலோகம் எழும்பி நிற்பதற்கு ‘எரிமலைவாய்’?

நீலகிரியில் எரிமலைக்கு எங்கே போவது? குழியைச் சுற்றி மேடு எழும்பினால் நம் ஊரில் அது வரப்பு. ‘வரப்புத் தடம்’ என்கிறேன். இதிலும் அவசரத் தீர்ப்பு கூடாது. ஊசி வரும் துளை ஊசியைவிடப் பெரிதாக இருந்தாலும், ஊசிச் சுருள்வில் நொந்துபோயிருந்தாலும், இளகிய உலோகம் அந்தச் சந்துக்குள் பிதுங்கி வரப்பு கட்டும். சாதாரணத் தொழிற்சாலைத் தோட்டாக்களையே அந்தத் துப்பாக்கியில் சுட்டுப் பாருங்கள். அதிலும் வரப்பு விழுந்தால் முதலில் துப்பாக்கியைத்தான் பார்க்க வேண்டும்.

அருவங்காட்டிலிருந்து

---

தம்பிக்கு,

பொட்டும் வரப்பும் பிடித்திருக்கின்றன. ‘சுட்ட தோட்டா’ மட்டும் இடிக்கிறது. சுட்டபின் குண்டு போய்விட்டது, மருந்து போய்விட்டது, அப்புறம் என்ன தோட்டா? 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து கூடலூருக்கு வந்த வீடு எங்களுடையது. முட்டை ஓட்டை நாங்கள் கோது என்போம். ஈழத்தில் இதற்கும் ‘வெற்றுக் கோது’ என்று பத்திரிகைகளே எழுதுகின்றன. இருக்கிற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. மகள் என்.சி.சி.யில் சுட்டுவிட்டுக் கொண்டுவந்த 0.22 அங்குலக் கோதில் பொட்டே இல்லையே?

கூடலூரிலிருந்து

---

அக்கா,

கோது கோதுதான், மறுபேச்சில்லை. நானே கூச்சப்படாமல் ‘தோட்டா’ என்று எழுதித் தொலைத்திருக்கிறேன்.

0.22இல் தனிப் பொட்டு கிடையாது. அடி விளிம்பின் மடிப்புக்குள்ளேயே வெடிமருந்தைப் பூசியிருப்பார்கள். அதனால்தான் ஊசித்தடம் நடுவில் இல்லாமல் ஓரத்தில் விழுந்திருக்கும். ‘விளிம்புக் கோது’, ‘பொட்டுக் கோது’ என்று பிரித்துவிடலாமா?

பட்டியலில் விட்டுப்போனது, ஊசி மெல்லத் தொட்டுவிட்டு வெடிக்காமல் போகிற வகை. ‘மேல்குத்து’ என்று வைத்திருக்கிறேன். நம் மலைக்கு இது முக்கியம். ஊட்டியில் டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் விடியற்காலையில், போல்ட்டுக்குள் பழைய கெட்டி எண்ணெய் இருந்தால் அது இறுகி ஊசியின் வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். வெயில் ஏறியதும் அதே துப்பாக்கி ஒழுங்காக வெடிக்கும். தோட்டாவைத் திட்டுவதற்குமுன் போல்ட்டைக் கழற்றி எண்ணெயைத் துடைத்துப் பார்க்கலாம். குழி நடுவை விட்டு விலகியிருந்தால் ‘ஒதுங்கிய குத்து’. அது வேறு வழக்கு.

ஊசி பொட்டைத் துளைத்துவிட்டதற்கு ‘ஓட்டைப் பொட்டு’ என்று எழுதினேன், மனதுக்கு ஒட்டவில்லை. அந்தத் துளை வழியாகச் சூடான வாயு சுடுபவரின் முகத்துக்கே திரும்பி வரும். பாதுகாப்புக் கண்ணாடி போடாதவர் கண் போய்விடலாம். அப்படி ஒரு கோது கிடைத்தால் அன்றைக்குச் சுடுவதை நிறுத்திவிட்டு ஊசி முனையையும் போல்ட்டின் முகத்தையும் பார்க்க வேண்டும். இத்தனை ஆபத்துக்கு ‘ஓட்டை’ ரொம்பச் சாதுவாக இருக்கிறது. ‘பொத்தல்’? ‘துளைபட்ட பொட்டு’? கோத்தகிரி ஐயா ஒரு சொல் தரட்டும். மற்றவற்றை ஞாயிறு மாலை பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.