புது ரெண்டரிங் மெஷின்: டெமோவுக்கு முன்னாடியா, காசு வந்த பிறகா?

அரைபைட்:
வணக்கமுங்க. நாங்க ரெண்டு பேர், கோயமுத்தூர். யூனிட்டிங்கிற கேம் எஞ்சின்ல ஒரு 3டி கேம் பண்ணிட்டிருக்கோம். ஆள் இல்லாத செட்டிநாட்டு வீடு. காலை, உச்சி, சாயங்காலம்னு பொழுதை மாத்தினா வெயில் விழுற இடம் மாறும், அதை வெச்சுப் புதிர். வெளிச்சம் சொதப்பினா கேமே இல்லை. ஒவ்வொரு அறையையும் மூணு பொழுதுக்கும் தனித்தனியா லைட்மேப் பேக் பண்ணணும், அதாவது வெளிச்சத்தை முன்கூட்டியே கணக்குப் போட்டுப் படமா வெச்சுக்கணும்.

மெஷின்: ஆறு கோர் ரைசன், 16 ஜிபி ரேம், 4 ஜிபி ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு. பேக் போட்டா கார்டுல மெமரி பத்தாம சிபியூவுக்குத் தாவிடுது. அப்புறம் மணிக்கணக்கு. ட்ரெய்லர்ல முக்கால் நிமிஷம் பிளெண்டர் சாஃப்ட்வேர்ல சைக்கிள்ஸ்ல (தத்ரூபமா, ஆனா மெதுவா ரெண்டர் பண்றது) ரெண்டர் பண்ற ஐடியாவும் இருக்கு. கையில ஒன்றரை லட்சம். ஸ்டீம் கடையில வெளிவராத கேம்களோட டெமோவைக் காட்டற நெக்ஸ்ட் ஃபெஸ்ட் இருக்கில்ல, அடுத்ததுக்கு டெமோ விடணும். இப்பவே மெஷின் வாங்கறதா, டெமோ விட்டு விஷ்லிஸ்ட் (வாங்க நினைக்கறவங்க குறிச்சு வெக்கறது) எவ்வளவு ஏறுதுன்னு பார்த்துட்டு வாங்கறதா? எங்களுக்குள்ளயே சண்டை. யார் எந்தக் கட்சின்னு சொல்ல மாட்டேன்.

வண்ணாரப்பேட்டை64:
வாங்காதீங்க. ஒன்றரை லட்சம்ங்கிறது மெஷின் இல்ல, ரெண்டு பேரோட அரிசி பருப்பு, வாடகை. கேம் தள்ளிப்போகாம வெளிவந்த கதை எத்தனை இருக்கு? தள்ளிப்போகும்போது அந்தக் காசுதான் காப்பாத்தும், கிராபிக்ஸ் கார்டு இல்ல.

இன்னொண்ணு. ஸ்டீம் மாசாமாசம் போடற ஹார்டுவேர் சர்வேயைப் பாருங்க. ஜிடிஎக்ஸ் 1060 வருஷக்கணக்கா முதலிடத்துல உக்காந்திருந்துச்சு. 2022 கடைசியில அதைத் தள்ளிட்டு மேல வந்தது எது? உங்ககிட்ட இருக்கிற அதே 1650. இப்பவும் பெரும்பாலான ஆளுங்க 1080பி ஸ்கிரீன்லதான் ஆடறாங்க. உங்க மெஷின்ல ஓடினா அவங்க மெஷின்ல ஓடும். டெவலப்பர் புது கார்டு வாங்கினதும் அவன் கேம் கனமாயிடும், இது நான் திரும்பத் திரும்பப் பாக்கறது. தன் மெஷின்ல ஒரு ஃப்ரேம் 6 மில்லிசெகண்டுல முடியுது, சரின்னு விட்டுடுவான். ஆடறவனுக்கு 16.6 தாண்டி, விநாடிக்கு 60 ஃப்ரேம்ங்கிறது போயிடும்.

வெண்பா கேமையே எடுத்துக்கோங்க. டொரன்டோல ஒரு சின்ன டீம், 2டி, இட்லி ஊத்தறதும் புட்டு அவிக்கறதும்தான் ஆட்டம். 2024-ல ஐஜிஎஃப்ங்கிற சுயாதீன கேம் விழாவோட பெரிய பரிசு, பாஃப்டாவில முதல் கேமுக்கான விருது ரெண்டும் வாங்கிச்சு. எந்த ரெண்டரிங் மெஷின் வாங்கிக் குடுத்துச்சு அதை?

ஷேடர்ராணி:
64, இரண்டு வேறு விஷயங்களை ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுகிறீர்கள். ஆடுபவர் கணினியில் நடப்பது ஒரு ரெண்டரிங். பேக் என்பது டெவலப்பர் கணினியிலேயே முடிந்துவிடுவது. ஆடுபவருக்குப் போய்ச் சேர்வது அதன் விளைவான படம் மட்டும். 1650-ல் அழகாக ஓடும் கேமை 1650-ல் பேக் செய்ய முடியாமல் போவது சர்வசாதாரணம். பேக் ஆகும்போது வீட்டின் மொத்த ஜியாமெட்ரியும் சுருக்காத லைட்மேப்புகளும் ஒரே நேரத்தில் கார்டு மெமரியில் உட்கார வேண்டும். ஓடும்போது அப்படி இல்லை.

வெண்பாவை இங்கே இழுத்தது பொருந்தவே இல்லை. அது 2டி. இவர்கள் செய்வது வெளிச்சத்தையே ஆட்டமாக வைத்த வீடு.

காத்திருப்பதால் போவது நேரம் மட்டும் என்றால் நானும் 64 பக்கம் நின்றிருப்பேன். முற்றத்தில் ஆத்தங்குடிக் கல் பதித்திருப்பீர்கள், இல்லையா? மதிய வெயில் அந்தச் சிவப்பில் பட்டு எதிர்ச்சுவரில் லேசாக ஏறும். தூணை ஓரடி நகர்த்தினால் அந்தச் சிவப்பு சுவரை விட்டுத் திண்ணைக்குப் போய்விடும். நல்லதா கெட்டதா என்று பேக் முடிந்தால்தான் தெரியும். ஐந்து நிமிடத்தில் தெரிந்தால் தூணை இன்னும் நான்கு இடத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். மூன்று மணி நேரம் ஆகும் என்றால் "இருக்கட்டும், பரவாயில்லை" என்று விட்டுவிடுவீர்கள். மெதுவான மெஷின் தின்பது அந்த நான்கு இடங்களை. அது எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வராது.

வண்ணாரப்பேட்டை64:
தூணை நகர்த்தறதுக்கு ஃபைனல் தரத்துல பேக் எதுக்குங்க? லைட்மேப் ரெசல்யூஷனை 40-லேர்ந்து 10-க்கு இறக்குங்க. நீளத்துல கால், அகலத்துல கால், ஆக டெக்சல் (லைட்மேப்போட புள்ளி) எண்ணிக்கை 16-ல ஒரு பங்கு. சாம்பிளையும் (எத்தனை ஒளிக்கதிர்) பவுன்ஸையும் (கதிர் எத்தனை தடவை பட்டுத் திரும்பணும்) குறைங்க. சொரசொரன்னு வரும், ஆனா சிவப்பு எங்க ஏறுதுன்னு தெரிஞ்சிடும். ஃபைனல் பேக் ராத்திரி போட்டுட்டுப் படுங்க. தூங்கற நேரத்துக்கு மெஷின் வாடகை கேக்காது.

அப்புறம் அரைபைட், அந்த வீட்ல குத்துவிளக்கு, சொம்பு, உரல், செருப்பு வரைக்கும் எல்லாத்துக்கும் லைட்மேப்ல இடம் குடுத்திருப்பீங்க, பந்தயம் கட்டறேன். சின்னப் பொருளையெல்லாம் லைட்மேப்லேர்ந்து எடுத்துட்டு லைட் ப்ரோபுக்கு (அங்கங்க சில புள்ளியில மட்டும் வெளிச்சத்தைக் கணக்கெடுத்து வெக்கறது) மாத்துங்க. 4 ஜிபிக்குள்ள அடங்கினாலும் அடங்கிடும். மூணு பொழுதுக்கு மூணு செட்னா டவுன்லோடு சைஸும் மூணு மடங்கு வீங்கும், அதுக்காகவாவது செய்ய வேண்டிய வேலை இது. செலவு பூஜ்யம்.

ஷேடர்ராணி:
இது நல்ல யோசனை, மெஷின் வாங்கினாலும் செய்யத்தான் வேண்டும். ட்ரெய்லரை மட்டும் ஏன் தொடவில்லை? 45 விநாடி, விநாடிக்கு 30 ஃப்ரேம், மொத்தம் 1350. சைக்கிள்ஸில் இந்தக் கார்டுக்கு ஃப்ரேமுக்கு 4 நிமிடம் என்று வைத்தாலும் 90 மணி நேரம். கிட்டத்தட்ட நான்கு நாள் இடைவிடாமல். மூன்றாம் நாள் ஒரு கதவின் டெக்ஸ்சர் தவறு என்று தெரிந்தால்? ஃப்ரேமுக்கு 40 விநாடி ஆகும் கார்டில் இதே வேலை 15 மணி நேரம்.

வண்ணாரப்பேட்டை64:
சைக்கிள்ஸ்தான் வேணும்னு யார் அடிச்சாங்க? பிளெண்டர்லயே இருக்கிற வேகமான ஈவீல பண்ணுங்க. ஃப்ளோன்னு ஒரு லாட்வியப் படம், முழு நீளம், பிளெண்டர் ஈவீல ரெண்டர் பண்ணது, ரெண்டர் ஃபார்மே (நிறைய மெஷினைச் சேர்த்து ரெண்டர் பண்ற ஏற்பாடு) கிடையாது. 2025-ல ஆஸ்கார் வாங்கிடுச்சு. முக்கால் நிமிஷ ட்ரெய்லருக்கு சைக்கிள்ஸ் இல்லாம முடியாதாம்! அதுவும் ஸ்டீம் பேஜ் பாக்கறவன் கேம் எப்படி ஓடுதுன்னு பாக்க வர்றான். எஞ்சின்லேர்ந்து நேரா எடுத்த காட்சியைக் காட்டுங்க. சைக்கிள்ஸ்ல மினுமினுன்னு காட்டிட்டு உள்ள வேற மாதிரி இருந்தா ரிவ்யூல கிழிப்பான்.

சைக்கிள்ஸேதான் வேணும்னா கிளவுட்ல ஜிபியூவை மணிக்கணக்குல வாடகைக்கு எடுக்கலாம். ஷீப்இட்னு ஒண்ணு இருக்கு, மத்தவங்க ஃப்ரேமை நம்ம மெஷின்ல ரெண்டர் பண்ணிக் குடுத்தா பாயிண்ட், அந்தப் பாயிண்ட்டுக்கு நம்ம ஃப்ரேமை அவங்க பண்ணுவாங்க.

ஷேடர்ராணி:
ஷீப்இட்டில் உங்கள் கோப்பு முகம் தெரியாத பலரின் கணினிக்குப் போகும். வெளிவராத கேமுக்கு எனக்கு அது ஒப்பாது. கிளவுட் ட்ரெய்லருக்குச் சரி. ஆனால் தினசரி பேக்குக்கு ஒவ்வொரு முறையும் புராஜெக்ட்டை மேலே ஏற்றி இறக்கிக்கொண்டிருக்க முடியாது.

யாழ்தேவி:
நான் யாழ்ப்பாணத்தில இருந்து எழுதுறன். பொறுத்து வாங்கினா மலிவா வாங்கலாம் எண்டு ஒரு நினைப்பு எல்லாரிட்டையும் இருக்கு. 2022 தொடக்கத்தில எங்களுக்கு ஒரு டொலர் 200 ரூபா சொச்சம். மே மாதம் 360. கார்ட் அமெரிக்காவில ஒரு சதம் கூடேல்லை, எங்கட காசுதான் விழுந்தது. "பிறகு பாப்பம்" எண்டு விட்ட ஆக்கள் அதுக்குப் பிறகு வாங்கவே இல்லை. இப்ப ரேமைப் பாருங்கோ. 2025 கடைசியில இருந்து ஏஐ டேட்டா சென்டர்காரர் எல்லாத்தையும் அள்ளிக்கொண்டு போக, விலை தாறுமாறா ஏறினது. ரேம் செய்யிற மைக்ரான் கம்பனி தன்ர குரூஷியல் பிராண்டில சில்லறையா விக்கிறதையே நிப்பாட்டப் போறன் எண்டு அந்த டிசம்பரில அறிவிச்சது.

ராத்திரி பேக் போட்டுட்டுப் படுங்கோ எண்டு வண்ணாரப்பேட்டைத் தம்பி சொல்லுறார். 2022 மார்ச் கடைசியில எங்களுக்கு ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் இல்லை. படுக்கிறதுக்கு மட்டும் வசதியா இருந்தது.

வண்ணாரப்பேட்டை64:
அக்கா, உங்க ஊர் கஷ்டம் புரியுது. ஆனா விலை ஜோசியம் ரெண்டு பக்கமும் வெட்டும். 2021-ல கார்டை வெச்சுக் கிரிப்டோ காசு தோண்டற மைனிங் உச்சத்துல இருந்தப்போ பதறிப் போய் ரெட்டை விலைக்குக் கார்டு வாங்கினவங்களை எனக்குத் தெரியும். 2022 செப்டம்பர்ல எத்தீரியம்ங்கிற கிரிப்டோ மைனிங்கே வேணாம்னு மாறிடுச்சு, மைனிங் கார்டெல்லாம் செகண்ட்ஸ் மார்க்கெட்ல வந்து கொட்டிச்சு. ரிச்சி ஸ்ட்ரீட்ல கூவிக் கூவி வித்தான். விலையை வெச்சு முடிவு பண்ணா சூதாட்டம். வேலையை வெச்சுப் பண்ணுங்க.

கணக்குப்பிள்ளை:
யாரும் வரியைத் தொடவில்லை, அதனால் நான். கணினிக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஜிஎஸ்டியில் பதிவு செய்திருந்தால்தான் அதை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுக்கலாம். வருமான வரியில் தேய்மானம் 40 சதவீதம், ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் பாதிதான். அதாவது வாங்குவதென்றால் செப்டம்பர் முடிவதற்குள் வாங்கி ஓட்டத் தொடங்குங்கள். ஜனவரியில் வாங்குபவருக்கு முதல் வருடம் 20 தான். உத்தேச வருமான முறையில் (விற்பனையில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் முறை) கணக்குக் காட்டுபவருக்குத் தேய்மானம் தனியாகக் கிடையாது. இப்போது வருமானமே இல்லையே என்றால் முறையாகக் கணக்கு எழுதி ரிட்டர்ன் போடுங்கள், தேய்மானத்தைப் பின்வருடங்களுக்குக் கொண்டுபோகலாம். இந்தச் சலுகைக்காக மெஷின் வாங்குகிறேன் என்று மட்டும் யாரும் கிளம்பாதீர்கள். நூறு ரூபாய் செலவழித்து முப்பது ரூபாய் மிச்சம் பிடிக்கும் சாமர்த்தியம் அது.

வீட்டிலேயே ரெண்டர் ஓட்டினால் இபி பில்லையும் பாருங்கள். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே உள்ள யூனிட்டுக்கும் விலை மாறும்.

அரைபைட்:
எல்லாருக்கும் நன்றிங்க. 64 அண்ணா பந்தயத்துல ஜெயிச்சுட்டாரு. உரல், சொம்பு, ஊஞ்சல் சங்கிலியோட ஒவ்வொரு வளையம் உட்பட எல்லாம் லைட்மேப்ல இருந்துச்சு. எல்லாத்தையும் ப்ரோபுக்கு மாத்திட்டு டாஸ்க் மேனேஜரைத் திறந்து வெச்சு பேக் போட்டோம். முற்றம், திண்ணை, அடுக்களை எல்லாம் 4 ஜிபிக்குள்ள அடங்கிடுச்சு, கார்டுலயே சட்டுனு முடியுது. ஆனா பெரிய ஹால் மட்டும் அடங்கலை. ரெண்டு பக்கமும் ஜன்னல், மேல மரவேலை, தேக்குத் தூண். மெமரி 4-ஐத் தொட்டதும் சிபியூவுக்குப் போயிடுது. 10 ரெசல்யூஷன்ல போட்டா ஜன்னல் கம்பியோட நிழலே கரைஞ்சு போகுது, எங்க புதிரே அந்தக் கம்பி நிழல்லதான் இருக்கு. ட்ரெய்லர் ஈவீதான்னு முடிவு பண்ணிட்டோம்.

ஷேடர்ராணி:
அப்படியானால் முழு மெஷின் வேண்டாம், கார்டு மட்டும் மாற்றுங்கள். வேகத்தைவிட மெமரியைப் பாருங்கள். 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 போதும், அதைவிடப் புதிய 8 ஜிபி கார்டைக் கடைக்காரர் தள்ளிவிடப் பார்ப்பார், வாங்காதீர்கள். ரேம் இப்போது விற்கும் விலைக்கு 16 ஜிபியிலேயே இருங்கள். ஒன்றரை லட்சத்தில் பெரும்பங்கு அப்படியே இருக்கும். டெமோவுக்கு முன்பே செய்யுங்கள். நெக்ஸ்ட் ஃபெஸ்ட்டில் ஒரு கேமுக்கு ஒரே ஒரு வாய்ப்புதான், அந்த ஹாலை "பரவாயில்லை" நிலையில் காட்டிவிட்டு அப்புறம் திருத்தி யாருக்குக் காட்டப் போகிறீர்கள்?

வண்ணாரப்பேட்டை64:
கார்டு மட்டும்னா மறுப்பு இல்ல. தேதிதான் இடிக்குது. டெமோல அந்த ஹாலே வரணுமா? முற்றமும் அடுக்களையும் போதும், ஆட்டம் பிடிபடுதான்னு பாக்க. ஹாலைக் காட்டினாத்தான் பிடிக்கும்னா, அப்ப புதிர்ல ஏதோ குறைன்னு அர்த்தம். டெமோ விட்டுப் பாருங்க, ஆளுங்க ஒரு அறைக்குமேல தாண்டறாங்களான்னு பாத்துட்டுக் கார்டு வாங்குங்க. எப்ப வாங்கினாலும் பழைய 1650-ஐ வித்துடாதீங்க, ரிலீஸ் வரைக்கும் அதுலதான் டெஸ்ட்.

ஷேடர்ராணி:
கேமின் உயிரே கம்பி நிழல்தான் என்று அவரே சொல்கிறார், அதை டெமோவிலிருந்து ஒளித்துவைக்கச் சொல்கிறீர்கள். இதில் நமக்குள் ஒத்துவராது, விடுங்கள்.

அரைபைட், எப்போது வாங்கினாலும் ஒன்றைப் பாருங்கள். 1650 எடுப்பது 75 வாட், மதர்போர்டு ஸ்லாட்டிலிருந்தே கிடைத்துவிடும். 3060 எடுப்பது 170 வாட், தனியாகப் பவர் கேபிள் வேண்டும், நிறுவனம் சொல்வது 550 வாட் எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் தரும் பெட்டி). கேபினெட்டோடு வந்த பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் அதையும் சேர்த்து மாற்ற வேண்டியிருக்கும். கேபினெட்டைத் திறந்து அந்த லேபிளை ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள்.

அரைபைட்:
லேபிள்ல 450ன்னு போட்டிருக்குங்க. 8 பின் கேபிள் ஒண்ணு சும்மா தொங்குது. கம்பெனி பேர் பாதி கிழிஞ்சு போச்சு.

வண்ணாரப்பேட்டை64:
பேரே தெரியாத எஸ்எம்பிஎஸ்ல 170 வாட் கார்டு மாட்டாதீங்க தம்பி. அது எந்தக் கட்சியா இருந்தாலும்.