விரல் துளியா, ஊசி இரத்தமா: எந்த எண்ணை நம்புவது?

வணக்கம். அம்மாவுக்குக் கையில் நரம்பு எளிதில் அகப்படாது. ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு குத்தல். அதனால் இம்முறை வைட்டமின் டி அளவை, விரல் நுனியில் குத்தி, துளியைத் தாளில் உலரவைத்து அனுப்பிப் பார்த்தோம். வந்த எண், முன்பு ஊசியில் எடுத்ததைவிடக் குறைவு.

பிறந்த குழந்தைகளுக்குக் குதிகாலில் குத்திச் செய்யும் பரிசோதனை 1960களிலிருந்தே இப்படித்தான் நடக்கிறது. ஆனால் தாளில் இருப்பது முழு இரத்தம். ஆய்வகக் குழாயில் பிரித்து அளப்பது சீரம், அதாவது இரத்த அணுக்கள் நீங்கிய தெளிந்த நீர்ப்பகுதி. சிவப்பணு விகிதம் மாறினால் துளி பரவும் விதமும் மாறுமாம். அம்மாவுக்கு இரத்தசோகை வேறு. துளி வரவில்லையென்று நான் விரலை நன்றாகப் பிழிந்ததும் (கூடாதாம், பிறகுதான் படித்தேன்) காரணமாக இருக்குமோ?

ஒரே நாளில் இரண்டு முறையிலும் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? எவ்வளவு வித்தியாசம் வந்தது? ஆய்வகத்தில் பணிபுரிபவர்கள் சொன்னால் இன்னும் நல்லது. மருத்துவரை அடுத்த வாரம்தான் பார்க்கிறோம்.