இன்னோவா காசில் பாதிக்குப் பழைய பென்ஸ்: சென்னை – நெல்லை ஓட்டியவர்கள் சொல்வது

பல்லாவரம்வாசி

புது இன்னோவா வாங்குகிற காசில் பாதிக்கும் குறைவாகப் பத்து வருடப் பழைய பென்ஸோ பிஎம்டபிள்யூவோ கிடைக்கிறதே, எடுக்கலாமா என்று ஒருத்தர் கேட்டிருந்தார். எடுக்கலாம். ஆனால் தி.நகருக்கும் கிண்டிக்கும் போய்வர எடுத்தால் தண்டச் செலவு. வருடத்தில் பலமுறை திருநெல்வேலி, நாகர்கோவில், தேனி என்று ஒரே மூச்சில் 500, 700 கிலோமீட்டர் ஓட்டுகிற ஆள் என்றால் யோசிக்க வேண்டிய விஷயம்தான்.

என்னிடம் இருப்பது பென்ஸ் இ-கிளாஸ் (டபிள்யூ212 தலைமுறை), இ 250 சிடிஐ. 2143 சிசி டீசல், 204 குதிரைத்திறன், 500 நியூட்டன் மீட்டர் டார்க் (இழுவிசை). என் சகலையிடம் ஏறக்குறைய அதே வயது பிஎம்டபிள்யூ 5 சீரிஸ் (எஃப்10 தலைமுறை), 520டி. 184 குதிரைத்திறன், எட்டு கியர் ஆட்டோமேடிக். பொங்கல், கோயில் கொடை, கல்யாணம் என்று இரண்டு குடும்பமும் சேர்ந்தே கிளம்புவோம். விக்கிரவாண்டி டோல் தாண்டி டீ குடித்ததும் சாவியை மாற்றிக்கொள்வது வழக்கம். அதனால் ஒரே ரோட்டில், ஒரே நாளில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

யூடியூபில் எல்லாரும் 520டி-யின் ஸ்டியரிங்கைப் புகழ்வார்கள். பொய் இல்லை. கொல்லிமலைக்கோ ஏற்காட்டுக்கோ போனால் நானும் அதைத்தான் கேட்டு வாங்குவேன். ஆனால் செங்கல்பட்டிலிருந்து திருச்சி வரை வளைவு எங்கே இருக்கிறது? நேர் ரோடு. அதில் இருப்பதெல்லாம் பாலத்து இணைப்பு, ஒட்டுப்போட்ட தார், மேம்பால வேலைக்காகச் சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடும் திருப்பம், டோலுக்கு முன்னால் வரிசையாகப் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டை. பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று திருச்சிக்குள்ளேயே அந்தப் பட்டை எத்தனை தடவை இடுப்பைக் கேள்வி கேட்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஆரம்பத்தில் இந்த விஷயத்தில் பென்ஸ் ஒரு படி மேல் என்றுதான் எங்கள் இரண்டு வீட்டிலும் தீர்ப்பு. அம்மா பின் சீட்டில் உட்கார்ந்து, "நான் இதுலயே வாரேன், அந்த வண்டில தூக்கித் தூக்கிப் போடுது" என்று சொல்லிவிடுவாள். சகலைக்கு முகம் சுருங்கும்.

அந்தத் தீர்ப்பை மாற்றியது கோவில்பட்டி பக்கத்தில் ஒரு பள்ளம். பொங்கலுக்கு முந்தின ராத்திரி. சகலை வண்டியின் முன் டயர் பக்கச்சுவரில் எலுமிச்சம்பழ அளவுக்கு வீங்கிவிட்டது. அதில் இருந்தது ரன்-ஃப்ளாட் டயர். காற்று போனாலும் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு மிகாமல் சுமார் 80 கிலோமீட்டர் தூரம் ஓட்டலாம் என்பது கணக்கு. அதற்காகவே பக்கச்சுவரைத் தடிமனாகச் செய்கிறார்கள். காற்று முழுக்கப் போன பிறகும் அந்தச் சுவர்தான் வண்டியைத் தாங்க வேண்டும். பஞ்சர் கடைத் தம்பி கடப்பாரையைப் போட்டு நெம்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இது கல்லு மாதிரில்லா இருக்கு, என் லீவருக்கு வளையாது" என்றான். சுற்றுவட்டாரத்தில் அந்த அளவு டயர் யாரிடமும் இல்லை. மறுநாள் மதுரையிலிருந்து பஸ்ஸில் பார்சலாக வந்தது, அதுவும் சாதாரண டயர்.

ஒன்று சாதாரணம், மூன்று ரன்-ஃப்ளாட் என்று ஓட்ட முடியாது. சென்னை வந்ததும் நாலையும் சாதாரண டயராக மாற்றி, டிக்கியில் ஒரு ஸ்டெப்னியும் போட்டான். அடுத்த தடவை விக்கிரவாண்டியில் சாவி மாற்றியபோது நான் கொஞ்ச தூரம் பேசாமலேயே ஓட்டினேன். அந்த வெள்ளைப் பட்டைகள் முக்கால்வாசி காணாமல் போயிருந்தன. அம்மாவும் ஒன்றும் சொல்லவில்லை. பெரம்பலூர் வரை தூங்கிக்கொண்டுதான் வந்தாள். இத்தனை காலம் பென்ஸா பிஎம்டபிள்யூவா என்று நாங்கள் பேசியதில் பாதி, டயரைப் பற்றிய பேச்சுதான்.

அதனால் வண்டி பார்க்கப் போகிறவர்கள் பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் டயரைப் பாருங்கள். பக்கச்சுவரில் நாலு இலக்கம் ஒரு சிறு கட்டத்துக்குள் இருக்கும். 2318 என்றால் 2018-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. கிலோமீட்டர் குறைவாக ஓடிய லக்ஷுரி வண்டியில் டயரின் மேல் பட்டன் தேயாமல் முழுசாக இருக்கும், ரப்பர் கிழடு தட்டியிருக்கும். சென்னை வெயிலில் வெளியே நின்ற வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். நாலு நல்ல டயர் என்ன விலை என்று கேட்டுவிட்டு, அதை வண்டி விலையில் கழித்துப் பேசுங்கள். விற்கிறவர் "டயர்ல நல்லா பட்டன் இருக்கே சார்" என்பார். இருக்கட்டும்.

செயின் பற்றி ஒரு வார்த்தை. இரண்டு எஞ்சினிலும் டைமிங் செயின் பின்பக்கம், கியர்பாக்ஸ் ஓரமாக இருக்கிறது. 184 குதிரைத்திறன் 520டி-யில் இருக்கும் என்47 எஞ்சினுக்கு செயின் தேய்மானப் பெயர் உலகம் முழுக்க உண்டு. அதில் கை வைக்க எஞ்சினையோ கியர்பாக்ஸையோ இறக்கியாக வேண்டும். செயின் சத்தம் வருகிறதா என்று காலையில் முதல் ஸ்டார்ட்டைக் காதால் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். "நீங்க வர்றதுக்குள்ள வண்டியை வார்ம் பண்ணி வெச்சிருக்கேன் சார்" என்று சொன்னால் இன்னொரு நாள் வருகிறேன் என்று கிளம்பிவிடுங்கள்.

அண்ணாநகர் டீசல்

டயர் விஷயத்தை வழிமொழிகிறேன். என் பங்குக்கு டெல்லி வண்டிக் கதை.

பத்து வருடம் தாண்டிய டீசல் டெல்லி வட்டாரத்தில் ஓடக்கூடாது என்று 2015-இல் பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது, 2018-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. அந்தப் பயத்தில் அங்கே எட்டு, ஒன்பது வருட லக்ஷுரி டீசலெல்லாம் அடிமாட்டு விலைக்கு வந்தன. நான் எடுத்தது ஆடி ஏ6, 2.0 டிடிஐ. விலையைக் கேட்டதும் வீட்டில் "திருட்டு வண்டியா?" என்றார்கள்.

வண்டி சுத்தம். கடல் உப்பு படாத அடிப்பாகம், துரு இல்லை. ஆனால் அங்கிருந்து என்ஓசி (ஆட்சேபணை இல்லை என்ற சான்று) வாங்கி, இங்கே ஆர்டிஓ-வில் காட்டி, தமிழ்நாட்டுச் சாலை வரி கட்டி, டிஎன் நம்பர் வாங்குவதற்குள் மிச்சம் பிடித்த காசில் பெரும்பகுதி போய்விட்டது. அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கலாம், கேட்டுக்கொண்டிருக்கிறேன். சென்னை வண்டிக்கும் டெல்லி வண்டிக்கும் விலையை ஒப்பிடுகிறவர்கள் கையில் டிஎன் ஆர்சி வந்த பிறகு ஆகும் தொகையை ஒப்பிடுங்கள்.

ஓட்ட எப்படி? ராத்திரியில் சத்தமே இல்லாத கேபின், நல்ல ஹெட்லைட். உளுந்தூர்பேட்டை – சேலம் ரோட்டில் இருவழியாகக் குறுகியிருந்த இடங்களில் எதிரே ஹைபீம் போட்டு வந்த பஸ்ஸைச் சமாளிக்க நல்ல வெளிச்சம் எவ்வளவு முக்கியம் என்று அங்கே ஓட்டியவர்களுக்குத் தெரியும். குறை என்றால் பழைய ஏ6-களில் வந்த மல்டிட்ரானிக் சிவிடி கியர்பாக்ஸ். 2014-இல் ஆடியே அதை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஓடும்வரை வெண்ணெய், கெட்டால் செலவு பெரிது. அதற்குப் பின்னால் வந்த எஸ்-ட்ரானிக் கியர்பாக்ஸ் வண்டி கிடைத்தால் கொஞ்சம் கூடக் கொடுத்து எடுங்கள்.

வேளச்சேரி மேல்மாடி

எங்கள் ஏரியா ஆட்கள் மழை எச்சரிக்கை வந்ததும் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்துவதை டிவியில் பார்த்திருப்பீர்கள். சிரித்திருப்பீர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்தவன் சிரிக்க மாட்டான்.

ஓஎம்ஆர் பக்கம் ஒரு ஜெர்மன் செடான் பார்க்கப் போனேன். பாலிஷ் பளபளப்பு, உள்ளே மல்லிகைப்பூ பெர்ஃப்யூம் மூக்கைத் துளைத்தது. அதுவே எனக்கு உறுத்தியது. பின் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தேன். முதல் ஒரு முழம் சுத்தம். அதற்கப்புறம் காவி நிறத்தில் ஒரு கோடு, பெல்ட் குறுக்கே நேராக. முன் சீட்டைத் தள்ளி போனில் டார்ச் அடித்தால் சீட் நகரும் தண்டவாளத்து போல்ட்டில் துரு. "அது கார் வாஷ் தண்ணி சார்" என்றார். கார் வாஷில் சேறுமா வரும்?

இந்த வண்டிகளில் கன்ட்ரோல் யூனிட்டும் வயரிங் இணைப்பும் சீட்டுக்கு அடியிலும் டிக்கி ஓரத்திலும் கார்ப்பெட்டுக்குக் கீழும் இருக்கும். வெள்ளத்தில் நின்ற வண்டி காய்ந்த பிறகு பல மாதம் நன்றாகவே ஓடும். அப்புறம் ஒரு நாள் மதுராந்தகம் தாண்டி ஏர்பேக் லைட், அடுத்த தடவை கியர் லைட் என்று ஒவ்வொன்றாக எரியும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் வண்டி எங்கே நின்றது என்று நேரடியாகக் கேளுங்கள். முடிச்சூரா, பள்ளிக்கரணையா, எந்தத் தெரு, தரைத்தள பார்க்கிங்கா என்று கேளுங்கள். பதில் சொல்ல இழுத்தாலே பாதி தெரிந்துவிடும். பாலிசி எண்ணை வைத்துப் பழைய கிளெய்ம் விவரமும் எடுத்துப் பாருங்கள்.

இன்னொன்று, இன்ஷூரன்ஸில் எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன். தேங்கிய தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணி எஞ்சினுக்குள் தண்ணீர் போனால், சாதாரண பாலிசியில் பொதுவாகக் காசு வராது. வயதான வண்டிக்கு அந்த ஆட்-ஆன் கிடைப்பது கஷ்டம். வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேம்ரிக்காரன்

மூன்று ஜெர்மன்களும் பேசி முடித்துவிட்டீர்களா? கேம்ரி ஹைப்ரிட். பெங்களூரு பக்கம் பிடதியில் அசெம்பிள் ஆனது. பேட்ஜைப் பார்த்து யாரும் வழிவிட மாட்டார்கள், வேலட் பார்க்கிங்கில் முன் வரிசையில் நிறுத்த மாட்டார்கள். டிக்கியில் பேட்டரி உட்கார்ந்து இடத்தைத் தின்கிறது. ஆனால் பெருங்களத்தூரிலிருந்து கிளாம்பாக்கம் வரை பண்டிகை நெரிசலில் ஊர்கிறபோது எஞ்சின் பாதி நேரம் அணைந்தே கிடக்கும். அந்த நேரத்தில் உங்களை நினைத்துக்கொள்வேன். பின் சீட் என் மாமனாருக்குப் பிடித்திருக்கிறது, அது போதும்.

பல்லாவரம்வாசி

கேம்ரிக்காரர் அண்ணன் சொன்னதில் தப்பில்லை. நெரிசல் எங்கள் டீசலுக்கு ஆகாது. டிபிஎஃப் (புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) இருக்கிற டீசலை ஊருக்குள்ளேயே ஓட்டினால் புகைக்கரி அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் சூடாக ஓடினால்தான் அது தானே எரித்துச் சுத்தமாகும்.

கியர் ஆயிலை மாற்ற வேண்டுமா என்று கேட்டவருக்கு: 520டி-யின் இசட்எஃப் கியர் பெட்டிக்கு "ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம்" என்று சர்வீஸில் சொல்வார்கள். பெட்டியைச் செய்த இசட்எஃப் கம்பெனியோ 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. அடித்தட்டும் ஃபில்டரும் ஒரே பிளாஸ்டிக் பாகம், சேர்த்தேதான் மாற்ற வேண்டும். அந்த பில் இல்லாத வண்டி என்றால் அந்தச் செலவையும் டயர் செலவோடு சேர்த்துக்கொள்ளுங்கள். 5 சீரிஸ் நம் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில்தான் அசெம்பிள் ஆகிறது. ஊருக்குப் போகிற வழியில் அந்தப் பக்கத்தைத் தாண்டித்தான் போகிறோம். அதற்காகப் பாகம் சல்லிசாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம்.

பழைய பாகத்தைப் புதுப்பேட்டைச் சந்தையில் வாங்கலாமா என்றால், கதவு, கண்ணாடி, சீட் மோட்டார், உள்அலங்காரப் பாகம் எல்லாம் தாராளமாக வாங்கலாம். நானே பின் விளக்கு அங்கேதான் எடுத்தேன். பிரேக், சஸ்பென்ஷன், ஏர்பேக் எதையும் அங்கே தொடவேண்டாம்.

மேடவாக்கத்தில் இ-கிளாஸ் பார்க்கப் போகும் தம்பி: விற்கிறவரிடம் முந்தின ராத்திரியே சொல்லிவிடு, காலையில் வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூடாது என்று. வேளச்சேரிக்காரர் சொன்ன மாதிரி பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார். ஞாயிறு என்றால் நானும் வருகிறேன், வண்டியின் கோளாறைப் படிக்கும் ஸ்கேனர் என்னிடம் இருக்கிறது.