ஆற்றங்கரை வீடு (குடும்பக் குழு)

கார்த்தி: சனிக்கிழமை வீடு காலி செய்கிறேன். மீன் தொட்டியை அவ்வளவு தூரம் எடுத்துப் போக முடியாது. கப்பி மீன் ஒரு இருபது இருக்கும், அப்புறம் பாசி தின்கிற அந்தப் பெரிய டேங்க் கிளீனர் மீன் ஒன்று. யாருக்காவது வேண்டுமா?

வசந்தா அத்தை: எனக்கு வேண்டாம்ப்பா

முரளி சித்தப்பா: ஆற்றில் விட்டுவிடு. பாவம், நிம்மதியாக இருக்கட்டும்

கார்த்தி: நானும் அதைத்தான் நினைத்தேன். போகிற வழியில் படித்துறையில் விட்டுவிடுகிறேன்

சுந்தரம் பெரியப்பா: கார்த்தி, விடாதே. இரு, எழுதுகிறேன்.

வசந்தா அத்தை: அண்ணன் எழுதி முடிப்பதற்குள் ஒன்று கேட்டுவிடுகிறேன். என் ஏணி யார் வீட்டில் இருக்கிறது?

ராஜு மாமா: முரளி வீட்டில்

முரளி சித்தப்பா: போன மாதமே தந்துவிட்டேனே

வசந்தா அத்தை: தரவில்லை

சுந்தரம் பெரியப்பா: அந்த டேங்க் கிளீனர் தென் அமெரிக்க மீன். வாங்கும்போது விரல் நீளம் இருந்தது, ஆற்றில் ஒன்றரை அடி வரை வளரும். உடம்பெல்லாம் தகடு, அதனால் மற்ற மீன்கள் லேசில் விழுங்க முடியாது. தண்ணீர் கெட்டால் நம் கெண்டை மூச்சுத் திணறிச் சாகும், இது மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக்கொள்ளும். முட்டை போடக் கரையில் வளை தோண்டும், அதில் கரை சரியும். வலையில் விழுந்தால் துடுப்பு முள் வலையையே கிழித்துவிடும். வலை போடுகிறவர்களுக்குப் பிழைப்பே அந்த வலைதான்.

முரளி சித்தப்பா: ஒரே ஒரு மீன்தானே அண்ணா

சுந்தரம் பெரியப்பா: விட்டவர்கள் எல்லாரும் ஒன்று ஒன்றாகத்தான் விட்டிருப்பார்கள். கப்பியோ, பெண் கப்பி ஒன்று போதும், ஒருமுறை சேர்ந்த விந்தை வயிற்றிலேயே பல மாதம் வைத்திருந்து திரும்பத் திரும்பக் குஞ்சு போடும்.

பவித்ரா: ஐயோ, எனக்கு இது தெரியாது

முரளி சித்தப்பா: நல்ல எண்ணத்தில்தானே சொன்னேன்

சுந்தரம் பெரியப்பா: உன்னைக் குறை சொல்லவில்லை முரளி. நல்ல எண்ணத்தில்தான் இதெல்லாம் நடந்திருக்கிறது. 1928ல் கொசுவை ஒழிக்கக் கம்பூசியா என்கிற மீனை நம் நாட்டுக்குக் கொண்டு வந்தார்கள், அது நம் மீன்களின் முட்டையையும் குஞ்சையும் சேர்த்துத் தின்றது. ஜிலேபி கெண்டை 1952ல் வந்தது, இன்றைக்கு அது இல்லாத ஏரி குளத்தைத் தேட வேண்டும். காவிரியில் திமில் வைத்த மஹ்சீர் இருக்கிறதே, 50 கிலோவுக்கு மேல் வளர்கிற மீன், அந்த ஆற்றை விட்டால் அதற்கு வேறு இடம் கிடையாது. அங்கே மீன் பெருகட்டும் என்று வேறு ஆற்றின் நீலத் துடுப்பு மஹ்சீரைக் குஞ்சு பொரிக்க வைத்து, அந்தக் குஞ்சுகளைக் காவிரியில் விட்டார்கள். வந்தது பெருகியது, இருந்தது அருகியது. 2018ல் திமில் மஹ்சீரை அழிவின் விளிம்பில் இருக்கிற இனமாக, அழிந்து வரும் உயிர்களுக்கான உலகச் சிவப்புப் பட்டியலில் சேர்த்தார்கள். அணை, மணல் அள்ளுவது, வெடி வைத்துப் பிடிப்பது எல்லாம் சேர்ந்துதான், ஆனால் இதுவும் ஒரு பெரிய காரணம்.

கார்த்தி: சரி பெரியப்பா, விடவில்லை

ராஜு மாமா: மச்சான், நம் ஆறே நாறிக் கிடக்கிறது. போன மாதம் மீன் மிதந்ததே, யாரோ விஷம் கலந்துவிட்டதாகச் சொன்னார்கள்

வசந்தா அத்தை: மேலே இருக்கிற பட்டறைக்காரர் என்று பேச்சு

சுந்தரம் பெரியப்பா: ஆதாரம் இல்லாமல் ஒருவர் மேல் பழி போட வேண்டாம் வசந்தா. நான் போய்ப் பார்த்தேன், தண்ணீர் பச்சையாக இருந்தது, மீன் மிதந்தது விடியற்காலையில். கழிவு நீரும் சோப்புத் தண்ணீரும் உரமும் சேர்ந்தால் பாசி பெருகும். பகலில் பாசி ஆக்சிஜன் விடும், ராத்திரியில் அதுவே இழுத்துக்கொள்ளும், செத்த பாசி அழுகும்போது இன்னும் குறையும். விடிவதற்கு முன்னால்தான் தண்ணீரில் ஆக்சிஜன் ரொம்பக் குறைவு. மிதந்ததெல்லாம் கெண்டை. காற்றை நேராக மூச்சு விடத் தெரிந்த விரால் ஒன்றுகூட இல்லை. விஷமாக இருந்தால் அதுவும் செத்திருக்கும் என்று தோன்றுகிறது. தண்ணீர் எடுத்துச் சோதித்தால்தான் உறுதியாகும், அன்றைக்கே எடுத்திருக்க வேண்டும்.

பவித்ரா: சோப்புத் தண்ணீர் என்றதும் கேட்கிறேன், நம் வீட்டுக் குளியலறைக் குழாயும் வாய்க்காலில்தானே விழுகிறது?

முரளி சித்தப்பா: அதை இப்போது எடுக்க வேண்டுமா பவி

ராஜு மாமா: எடுக்கட்டும். அந்தத் தண்ணீர் மண்ணிலேயே இறங்க உறிஞ்சு குழி தோண்டலாம் என்று 5 வருடம் முன்பே சொன்னேன். வீட்டு விஷயத்தில் மாப்பிள்ளைக்கு என்ன என்று கேட்டார்கள்

வசந்தா அத்தை: விடுங்கள், குழுவில் எதற்கு

சுந்தரம் பெரியப்பா: கேட்டது நான்தான். அது தப்பு மாப்பிள்ளை. மனதில் இருந்துகொண்டே இருக்கிறது, இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

ராஜு மாமா: சரி சரி மச்சான்

சுந்தரம் பெரியப்பா: அந்த வாய்க்கால் வாயில்தான் விரால் குஞ்சுகள் செம்பந்து மாதிரித் திரண்டு வரும். கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கும். வசந்தா, நீ கையை விட்டுக் கடி வாங்கினாயே.

வசந்தா அத்தை: தழும்பு இன்னும் இருக்கிறது. என் பிள்ளைகள் அதைப் பார்த்ததே இல்லை அண்ணா

கார்த்தி: நான்கூடப் பார்த்ததில்லை

பவித்ரா: கார்த்தி, என் ஆபீஸில் ஒருவர் பெரிய தொட்டி வைத்திருக்கிறார், கேட்டுச் சொல்கிறேன்

கார்த்தி: வெள்ளிக்குள் சொல். இல்லையென்றால் வாங்கின கடையிலேயே திருப்பிக் கேட்கிறேன்

சுந்தரம் பெரியப்பா: தொட்டித் தண்ணீரையும் வாய்க்காலில் ஊற்றாதே, செடிக்கு ஊற்று. பாசி, நத்தை முட்டை எல்லாம் அதில் இருக்கும்.

ராஜு மாமா: ஞாயிறு வந்து குழிக்கு இடம் அளக்கிறேன்

சுந்தரம் பெரியப்பா: கிணற்றுக்கும் ஆற்றுக்கும் நன்றாகத் தள்ளி இருக்க வேண்டும்.

முரளி சித்தப்பா: ஞாயிறு எனக்கு முடியாது. செலவு எப்படி, மூன்று பங்கா நான்கு பங்கா?

ராஜு மாமா: முதலில் அளப்போம்

வசந்தா அத்தை: முரளி, ஏணி உன் மாடிப்படிக்குக் கீழே இருக்கும், பார்